நிமோனியா என்று எழுதினால் போதுமா? மெடிக்கல் கோடிங் கேள்வி-பதில்

அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகளைச் சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் அமர்ந்து படித்துக் குறியீடு இடும் வேலையில் இருப்பவர்களும், அந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களும் நமக்கு எழுதும் கடிதங்களில் நுரையீரல் தொற்று பற்றியவை எப்போதும் அதிகம். அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். குறியீடுகள் எல்லாம் அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி.-10-சி.எம். என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பைச் சேர்ந்தவை.

அம்மா, வணக்கம். உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, உள்நோயாளிப் பிரிவுக் கோடராகச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒரு சார்ட்டில், அதாவது நோயாளியின் பதிவேட்டில், மருத்துவர் எல்லாக் குறிப்புகளிலும் 'நிமோனியா' என்று மட்டுமே எழுதியிருந்தார். சளி கல்ச்சரில், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனையில், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். நான் கிளெப்சியெல்லா நிமோனியாவுக்கான ஜே15.0 போட்டேன். ஆடிட்டில் அதைப் பிழை என்று குறித்து, கிருமி குறிப்பிடாத நிமோனியாவுக்கான ஜே18.9 ஆக மாற்றிவிட்டார்கள். ஆய்வக அறிக்கை கண்முன்னே இருக்கும்போது அதைக் காணாததுபோல் இருப்பது சரியா?
– ஒரு வாசகி, திருச்சி

காணாததுபோல் இருக்க வேண்டாம். கண்டதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் இங்கே கேள்வி. ஆடிட்டர் ஜே15.0-ஐ நீக்கியது சரி. ஆனால் ஜே18.9 என்று மாற்றியதோடு அவர் நின்றிருந்தால், அது பாதி வேலைதான். அந்தச் சார்ட் ஒரு க்வெரியாக, அதாவது பதிவைத் தெளிவுபடுத்தக் கேட்கும் எழுத்து வினாவாக, மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.

ஆய்வக முடிவு, எக்ஸ்ரே, திசுப் பரிசோதனை ஆகியவற்றில் தெரியும் மாறுபாடுகளை, சிகிச்சை தரும் மருத்துவர் அவற்றின் பொருளை எழுதினாலன்றிக் குறியீடாக்கக் கூடாது என்று அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகளின் மூன்றாம் பகுதி சொல்கிறது. அதே பத்தியில், மாறுபாடு தெரிந்து அதற்காக மருத்துவர் மேற்கொண்டு சோதனையோ சிகிச்சையோ செய்திருந்தால், அதைப் பதிவில் சேர்க்க வேண்டுமா என்று அவரைக் கேட்பது தகும் என்றும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த விதிக்குக் காரணம் சளியிலேயே இருக்கிறது. இருமித் துப்பும் சளி நுரையீரலிலிருந்து தொண்டையையும் வாயையும் கடந்துதான் சிமிழுக்கு வருகிறது. வரும் வழியில் உள்ள கிருமிகளையும் அது கூட்டிக்கொண்டு வரும். ஆகவேதான் ஆய்வகத்தில் அதை முதலில் நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறார்கள். ஒரு பார்வைப் புலத்தில் வெள்ளணுக்கள் 25-க்கு மேலும், வாயின் தோல் செல்கள் 10-க்குக் கீழும் இருந்தால் அது நல்ல மாதிரி. தோல் செல்கள் மிகுந்திருந்தால் அது எச்சில் கலந்த மாதிரி, அதில் வளர்ந்த கிருமியை நம்பி முடிவெடுக்க முடியாது. நல்ல மாதிரியாகவே இருந்தாலும், முதியவர்கள், அடிக்கடி மருத்துவமனையில் தங்குபவர்கள், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் ஆகியோரின் தொண்டையில் கிளெப்சியெல்லா நோய் எதுவும் செய்யாமல் குடியிருக்கலாம். கல்ச்சரில் வளர்ந்தது குடியிருந்த கிருமியா, நோய் செய்த கிருமியா என்பதைக் காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, எக்ஸ்ரே, மருந்துக்கு உடல் ஒத்துழைத்த விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். மருந்தை வைத்தும் நாம் ஊகிக்க இயலாது, ஏனென்றால் செஃப்ட்ரியாக்சோன் நிமோனியா உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கும் கேட்கும், கிளெப்சியெல்லா வகைகள் பலவற்றுக்கும் கேட்கும்.

இதில் பணமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதன்மை நோயாக ஜே18.9 இருந்தால் அந்தச் சேர்க்கை, மருத்துவமனைக்குத் தரும் தொகையை முடிவுசெய்யும் எம்.எஸ்.-டி.ஆர்.ஜி. குழுக்களில் 193, 194, 195 என்ற எளிய நிமோனியா குழுவில் விழும். ஜே15.0 என்றால் 177, 178, 179 என்ற கடுமையான சுவாசத் தொற்றுக் குழுவுக்குப் போகும். இரண்டாவது குழுவுக்கு மருத்துவமனை பெறும் தொகை கூடுதல். இந்த வேறுபாட்டால் ஒருமுறை பெரிய வழக்குகளே வந்தன. 1990-களில் அமெரிக்க நீதித்துறை 'நிமோனியா அப்கோடிங்' விசாரணை என்ற பெயரில் பல மருத்துவமனைகளின் கணக்குகளைத் தோண்டியது. அப்போதைய ஐ.சி.டி.-9 தொகுப்பில் கிருமி தெரியாத நிமோனியாவுக்கு 486 என்ற குறியீடு இருந்தது. அதை விட்டுவிட்டு, வேறு குறிப்பிட்ட பாக்டீரியாவால் வந்தது என்று பொருள்படும் 482.89-ஐப் பதிவில் ஆதாரமில்லாமல் இட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-இல், இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் அதற்குப் பயன்பட்டது. உங்கள் ஜே15.0 நல்லெண்ணத்தில் இட்டதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் ஆடிட்டருக்கு எண்ணம் தெரியாது, பதிவில் இருக்கும் சொல் மட்டுமே தெரியும்.

மேடம், நான் செவிலியராக ஆறு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு இப்போது மருத்துவ ஆவணச் சீராய்வுப் பிரிவில், அதாவது சி.டி.ஐ.யில், சேர்ந்திருக்கிறேன். நான் எழுதும் க்வெரிகளை 'லீடிங்', அதாவது விடையைத் திணிக்கும் வினா, என்று திருப்பி அனுப்புகிறார்கள். நோயாளிக்கு வந்தது புரையேறி வந்த நிமோனியாதான் என்று ஒரு செவிலியராக எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதை எப்படிக் கேட்டால் சரியாக இருக்கும்?
– ஒரு வாசகி, சேலம்

உங்களுக்குத் தெரிகிறது என்பதுதான் உங்கள் பலம், அதை வினாவில் காட்டிவிடுவதுதான் குறை. 'இது ஆஸ்பிரேஷன் நிமோனியாதானே, தயவுசெய்து ஆவணப்படுத்தவும்' என்று எழுதினால், மருத்துவர் ஆம் என்று சொன்னாலும் அந்த ஆமுக்கு மதிப்பில்லை. ஏனெனில் அந்த முடிவு உங்களுடையதாகிவிடுகிறது. மருத்துவப் பதிவேட்டுத் துறையினரின் அமெரிக்க அமைப்புகளான அஹிமா, ஆக்டிஸ் இரண்டும் சேர்ந்து வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த க்வெரி நடைமுறைக் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: பதிவில் உள்ள மருத்துவச் சான்றுகளை எடுத்துக் காட்ட வேண்டும், அவற்றுக்குப் பொருந்தும் தெரிவுகளைத் தர வேண்டும், 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற வழிகளும் திறந்திருக்க வேண்டும், இந்தப் பதிலால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையோ தர மதிப்பெண்ணோ மாறும் என்ற பேச்சே வரக் கூடாது. க்வெரியின் தலைப்பில்கூட நோயின் பெயரைத் திணிக்கக் கூடாது.

நான் பயிற்சி வகுப்பில் காட்டும் கற்பனைச் சார்ட் ஒன்றின் க்வெரியை இங்கே தமிழில் தருகிறேன். பணியில் நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள் என்றாலும், சொல்லும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

'நோயாளி 78 வயதானவர். ஒன்பது மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தவர். சேர்க்கைக் குறிப்பில் நிமோனியா என்று உள்ளது. முதல் நாள் இரவு செவிலியர் குறிப்பு: தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமுகிறார். இரண்டாம் நாள் விழுங்குதிறன் சோதனை: நீர்த்த திரவங்கள் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. எக்ஸ்ரே: வலது கீழ் மடலில் புதிய நிழல். சிகிச்சை: ஆம்பிசிலின்-சல்பாக்டம், கெட்டியாக்கிய திரவ உணவு, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை. தங்கள் மருத்துவ முடிவின்படி, சிகிச்சையளிக்கப்பட்ட நிமோனியாவின் வகையை மேலும் குறிப்பிட இயலுமா? தெரிவுகள்: உணவோ நீரோ வாந்தியோ உள்ளே இறங்கியதால் வந்த நிமோனியா, பாக்டீரியா நிமோனியா, கிருமி தெரிந்தால் குறிப்பிடவும், வகை குறிப்பிட இயலாத நிமோனியா, வேறு, மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை.'

இதில் உங்கள் செவிலியர் அறிவு எங்கே வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் இரவுக் குறிப்பில் ஒரே வரியாகக் கிடந்த புரையேறலையும், இரண்டாம் நாள் சோதனையையும், உணவு மாற்றத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தது அந்த அறிவுதான். இருபது நோயாளிகளுக்கு இடையே ஓடும் மருத்துவர் அந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்திருக்கமாட்டார். பார்த்தபின் அவர் முதல் தெரிவைத் தேர்ந்தால் ஜே69.0 வரும். 'வகை குறிப்பிட இயலாது' என்றால் ஜே18.9 தான், அதை மனவருத்தமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். தாம் எதிர்பார்த்த பதில் வரவில்லை என்று அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடியும் அனுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மருத்துவரின் முடிவை மதிக்காத செயல்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பாசிபிள் நிமோனியா' என்று இருந்தால் நிமோனியா என்றே குறியீடு இடலாமா? என் தோழி இடலாம் என்கிறாள். என் டீம் லீடர் கூடவே கூடாது என்கிறார்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இருவரும் தங்கள் தங்கள் பிரிவில் சரியாகச் சொல்கிறார்கள். உங்கள் தோழி உள்நோயாளிச் சார்ட்டும், டீம் லீடர் புறநோயாளி அல்லது அவசரப் பிரிவுச் சார்ட்டும் பார்ப்பவராக இருக்க வேண்டும்.

உள்நோயாளி வீடு திரும்பும் நேரத்தில் 'பாசிபிள்', 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்', 'லைக்லி', 'ஸ்டில் டு பி ரூல்ட் அவுட்' போன்ற ஐயச் சொல்லோடு நோய் எழுதப்பட்டிருந்தால், அந்த நோய் இருந்ததாகவே கொண்டு குறியீடு இட வேண்டும். அந்த ஐயத்துக்காகவே படுக்கை, சோதனை, மருந்து எல்லாம் செலவாகியிருக்கின்றன என்பது அதன் நியாயம். 'கன்சர்ன் ஃபார் நிமோனியா' என்பதையும் ஐயச் சொல்லாகவே கொள்ளலாம் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் 'கோடிங் கிளினிக்' இதழ் 2018-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் வீடு திரும்பும் நேரத்தில் என்ற சொற்களைக் கவனியுங்கள். சேர்க்கைக் குறிப்பில் 'பாசிபிள்' என்று இருந்து, பிறகு எங்குமே நிமோனியா பேசப்படவில்லை என்றால் அதைக் குறியீடாக்கக் கூடாது. 'ரூல்ட் அவுட்', அதாவது அந்த நோய் இல்லை, என்று முடிந்துவிட்டால் பேச்சே இல்லை.

புறநோயாளிக்கு ஐயத்தைக் குறியீடாக்கவே கூடாது. அன்றைய நிலையில் உறுதியாகத் தெரிந்தது இருமல் என்றால் ஆர்05 வரிசையிலும், காய்ச்சல் என்றால் ஆர்50.9 என்றும் அறிகுறிகளோடு நிற்க வேண்டும். உள்நோயாளி விதிக்கும் விலக்கு உண்டு: கோவிட், எச்.ஐ.வி. போன்றவற்றை ஐயத்தின் பேரில் இடக் கூடாது. 'ப்ராபபிள் கோவிட்' என்று எழுதியிருந்தால் கோவிடுக்கான யூ07.1 வராது. உறுதியான கோவிடோடு நிமோனியாவும் இருந்தால் முதலில் யூ07.1, அடுத்து கோவிட் நிமோனியாவுக்காக 2021 ஜனவரி 1 முதல் வந்த ஜே12.82.

'ரைட் லோயர் லோப் நிமோனியா' என்று மருத்துவர் எழுதினால் அது லோபார் நிமோனியாதானே? ஜே18.1 தானே?
– ஒரு வாசகர், மதுரை

இல்லை, ஜே18.9 தான். நுரையீரலின் எந்த மடலில் நிழல் தெரிந்தது என்பது இடத்தைச் சொல்கிறது. லோபார் நிமோனியா என்பது ஒரு மடல் முழுவதும் இறுகிப்போகும் தனி வகை நோய். மருத்துவர் 'லோபார் நிமோனியா' என்ற சொல்லையே எழுதியிருந்தால் மட்டும் ஜே18.1 இட வேண்டும் என்று 2018-இல் கோடிங் கிளினிக் விளக்கம் தந்துவிட்டது.

சி.ஓ.பி.டி. என்ற நாட்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள நோயாளி நிமோனியாவோடும் மூச்சுச் செயலிழப்போடும் வருகிறார். தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸ் என்றும் எழுதியிருக்கிறார்கள். எதை முதலில் போடுவது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம் வருகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சென்னை

முதலில் செப்சிஸைப் பாருங்கள். நோயாளி வந்து சேரும்போதே செப்சிஸ் இருந்தது என்று மருத்துவர் எழுதியிருந்தால், அது நிமோனியாவிலிருந்து வந்திருந்தாலும் ஏ41.9 போன்ற செப்சிஸ் குறியீடு முதலில் வரும், நிமோனியா பின்னால் வரும். நிமோனியாவுக்காகச் சேர்ந்து, இரண்டு நாள் கழித்துச் செப்சிஸ் வந்தால் வரிசை தலைகீழாகும். ஆகவே 'வரும்போதே இருந்தது' என்பதைக் குறிக்கும் பி.ஓ.ஏ. குறியில் 'ஒய்' (ஆம்) இடுவதா, 'என்' (இல்லை) இடுவதா என்பதை நீங்கள் ஊகிக்காமல், முதல் நாள் குறிப்புகளில் தேடுங்கள். அங்கே விடை கிடைக்காவிட்டால் கேளுங்கள். செப்சிஸ் என்ற சொல் சம்மரியில் இருந்தும், பதிவில் அதற்கான அடையாளம் மிகக் குறைவாக இருந்தால், நீங்களாக அதை நீக்கிவிடக் கூடாது. மருத்துவரின் கூற்றின் அடிப்படையில்தான் குறியீடு என்பது விதி. 2016-இல் செப்சிஸ்-3 என்ற புதிய வரையறை வந்தபின் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு வரையறையையும் மருத்துவமனைகள் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டிருப்பதால், இத்தகைய சார்ட்டை மருத்துவச் சரிபார்ப்புக்கு அனுப்பிவைப்பதே நல்லது.

செப்சிஸ் இல்லை என்றால், மூச்சுச் செயலிழப்பும் நிமோனியாவும் எதிரெதிரே நிற்கும். ஜே96.01 முதலில் வரலாம், நிமோனியாவும் முதலில் வரலாம். சேர்க்கைக்கு எது முதன்மைக் காரணம், எதை நோக்கிச் சிகிச்சை திரும்பியது என்பதே அளவுகோல். இரண்டும் சம அளவில் காரணம் என்றால் எதையும் முதலில் வைக்க விதி இடம் தருகிறது. நிமோனியாவுக்கு ஊசி மருந்து கொடுத்துவிட்டு மூக்கு வழியே இரண்டு லிட்டர் ஆக்சிஜன் மட்டும் வைத்த நோயாளியும், முகமூடி வென்டிலேட்டரில் ஐ.சி.யூ.வில் இருந்த நோயாளியும் ஒன்றல்லர். இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போனதா, மூச்சு விட எவ்வளவு சிரமப்பட்டார் என்று பதிவு பேச வேண்டும்.

சி.ஓ.பி.டி.க்கு ஜே44.0 வரும், ஏனெனில் கீழ்ச் சுவாசப் பாதையில் தொற்று இருக்கிறது. அதனோடு தொற்றின் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். முன்பு ஜே44.0 தான் முதலில் என்ற நிலை இருந்தது. 2017 அக்டோபரில் அந்தக் குறிப்பு மாற்றப்பட்டபின் வரிசையைச் சூழ்நிலையே தீர்மானிக்கிறது. 'எக்ஸாசர்பேஷன்' என்று தனியே எழுதியிருந்தால் மட்டும் ஜே44.1-உம் சேரும். நிமோனியா வந்ததாலேயே சி.ஓ.பி.டி. முற்றிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

வென்டிலேட்டரில் இருந்த நோயாளிக்கு நிமோனியா வந்தால் உடனே ஜே95.851 போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

கூடாது. வென்டிலேட்டரில் இருந்தார், நிமோனியா வந்தது என்ற இரண்டு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போடும் உரிமை மருத்துவருக்குத்தான். அவர் வென்டிலேட்டரால் வந்த நிமோனியா என்று எழுதியிருந்தால் மட்டும் ஜே95.851. கிருமி தெரிந்தால் அதற்கு பி95, பி96, பி97 வரிசையிலிருந்து ஒரு கூடுதல் குறியீடு, உதாரணமாகச் சூடோமோனாசுக்கு பி96.5. அதே தொற்றுக்கு ஜே12 முதல் ஜே18 வரையுள்ள குறியீட்டை இரட்டிப்பாக இடக் கூடாது. நிமோகாக்கஸ் நிமோனியாவோடு வந்து, பிறகு வென்டிலேட்டரில் இன்னொரு நிமோனியா வந்தால், முதன்மை நோய் ஜே13, ஜே95.851 இரண்டாவதாக வரும், அதன் பி.ஓ.ஏ. 'என்'. அந்த 'என்' மருத்துவமனையின் தரக் கணக்கில் ஏறுவதால் அதைப் பற்றி மேலிருந்து அழுத்தம் வரலாம். அழுத்தத்துக்காகக் குறியை மாற்றாதீர்கள்.

சகோதரிக்கு வணக்கம். என் மகள் மருந்தியல் படித்துவிட்டுக் கோடிங் வேலையில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்களாம். அவசரத்தில் ஏதாவது தவறு நடந்தால் யாரோ ஒரு நோயாளிக்குப் பாதிப்பு வருமா என்று அவள் இரவில் தூங்காமல் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய தம்பி மருத்துவம் முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியில் சேரப் போகிறான். அவன் எப்படி எழுதினால் இப்படிப்பட்டவர்களுக்கு உதவியாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஐயா, உங்கள் மகளின் கவலை நியாயமானது. நான் அவளுக்கு மூத்தவளாக, எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு சார்ட் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி மூச்சுத் திணறலோடு சேர்ந்திருந்தார். அவசரப் பிரிவில் நிமோனியா என்று எழுதி மருந்து தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் சி.டி. ஸ்கேனில் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி தெரிந்தது. அன்றைய குறிப்பில் மருத்துவர் 'நிமோனியா இல்லை, ஆன்டிபயாடிக் நிறுத்தவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஆனால் நான்காம் நாள், ஐந்தாம் நாள் குறிப்புகளில் முதல் நாள் பட்டியல் அப்படியே நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் வந்துவிட்டது: நிமோனியா, நுரையீரல் இரத்தக்கட்டி, உயர் இரத்த அழுத்தம். அன்று இலக்கை எட்ட இன்னும் நான்கு சார்ட்டுகள் பாக்கி இருந்தன. நான் சம்மரியைப் பார்த்தேன், நிமோனியாவைச் சேர்த்தேன், அனுப்பிவிட்டேன். இரண்டாம் நிலை நோயாக வந்தாலும் ஜே18.9 மிகக் கடும் இணைநோய் என்ற வகையைச் சேர்ந்தது. ஆகவே கணக்குத் தொகை உயர்ந்தது. ஆடிட்டில் அகப்பட்டபோது என் டீம் லீடர் என்னைத் திட்டவில்லை. சார்ட்டைத் திறந்து மூன்றாம் நாளின் அந்த ஒற்றை வரியைக் காட்டிவிட்டு, அந்தப் பெண்மணி அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் அவருடைய பழைய நோய்ப் பட்டியலில் என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது.

ஆகவே பாதிப்பு வருமா என்றால், வரும். நேரடியாக உயிருக்கு ஆபத்து என்று சொல்லமாட்டேன், ஆனால் வராத நோய் ஒருவரின் ஏட்டில் ஏறிவிடும், வந்த நோய் ஏறாமல் போகும், அவர் கட்ட வேண்டிய தொகை மாறும். 2012 அக்டோபர் முதல் அமெரிக்க அரசு, மருத்துவமனைகளின் மறுசேர்க்கை விகிதத்தைக் கணக்கிட்டுத் தொகையைக் குறைக்கிறது. தொடக்கத்திலேயே அதில் சேர்க்கப்பட்ட மூன்று நோய்களில் நிமோனியா ஒன்று. தவறான குறியீடு அந்தக் கணக்கையும் திரித்துவிடும். மகளிடம் சொல்லுங்கள்: இலக்கு எதுவாக இருந்தாலும், சம்மரியில் இருக்கும் ஒவ்வொரு முக்கிய நோய்க்கும் இடைப்பட்ட நாட்களின் குறிப்பில் ஒரு சான்றாவது பார்க்காமல் சார்ட்டை மூடக் கூடாது. நிமோனியாவுக்கு அது அதிக நேரம் எடுக்காது. மருந்துப் பட்டியலைத் திறந்து ஆன்டிபயாடிக் எந்த நாளில் நின்றது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மூன்றாம் நாளிலேயே நின்றிருந்தால், ஏன் என்று தேட வேண்டும். சம்மரியும் குறிப்பும் முரண்பட்டால், பொறுப்பு மருத்துவருக்கு க்வெரி. அதனால் அன்றைய எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் குறையட்டும். அதைப் புரிந்துகொள்ளாத மேலாளர்தான் மாற வேண்டியவர், உங்கள் மகள் அல்லள்.

தம்பிக்கு ஒரு மூத்த கோடராக எனது வேண்டுகோள் இது. 'நிமோனியா' என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், எந்தக் கிருமி என்று மனத்தில் ஐயப்படுகிறாரோ அதையும் எழுதட்டும். வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கும்போது, பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா இருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் தொடங்குகிறார். அந்த எண்ணம் கடைசிவரை மாறாமல் இருந்தால், 'ப்ராபபிள் எம்.ஆர்.எஸ்.ஏ. நிமோனியா' என்று வீடு திரும்பும் நாள் குறிப்பில் வந்தால்தான் எங்களால் ஜே15.212-ஐத் தொட முடியும். மூக்கில் எடுத்த சோதனையில் அந்தக் கிருமி இல்லை என்று வந்து மருந்தை நிறுத்தினால், நிறுத்திய காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற கிருமிக்கு 2023 அக்டோபர் முதல் ஜே15.61 என்று தனிக் குறியீடே இருக்கிறது. கிருமியின் பெயர் ஆய்வக அறிக்கையில் இருந்து அவருடைய குறிப்பில் இல்லாவிட்டால் அந்தக் குறியீடு பயன்படாமலே போகும். நோயாளி முதியோர் இல்லத்திலிருந்து வந்தாரா, மருத்துவமனையில் 48 மணி நேரத்துக்குப் பிறகு நிமோனியா தொடங்கியதா என்பதை நாளோடு எழுதட்டும். ஆக்சிஜன் அளவை, அறைக்காற்றில் எடுத்ததா, ஆக்சிஜன் வைத்து எடுத்ததா என்ற குறிப்போடு எழுதட்டும். '88' என்ற எண் மட்டும் தனியே நின்றால் அது எங்களுக்குப் பாதிச் செய்திதான். நேற்றைய குறிப்பை நகலெடுத்து ஒட்டினால், ஒட்டியபின் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்து, இன்று இல்லாத நோயை அன்றே அடித்துவிடட்டும்.

க்வெரி வந்தால் எரிச்சல்படாமல் அன்றே பதில் அனுப்பச் சொல்லுங்கள். அதை அனுப்பியவர் அவருடைய அக்காவாகவும் இருக்கக்கூடும்.